குழப்பம் அந்தப் பிள்ளைங்க கிட்ட இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வெளிநாட்டுல வளர்ற ஆப்பிரிக்க வம்சாவளி பிள்ளைங்களைப் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். நம்ம பத்திரிகைகள்ல யாரும் தொடாத விஷயம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா ரெண்டு கலாச்சாரத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டு தாங்க யாருன்னே தெரியாம தவிக்கிறாங்கன்னு முடிச்சிருக்கீங்க பாருங்க, அதை என்னால ஏத்துக்க முடியல.

நான் லண்டன்ல ஒரு ஸ்கூல்ல டீச்சிங் அசிஸ்டன்ட். என் கூட வேலை பாத்து இப்போ ரிட்டையர் ஆன ஒரு அக்கா ஜமைக்காவுல பாட்டிகிட்ட வளர்ந்தவங்க, அம்மா அப்பா முன்னாடியே இங்க வந்து சம்பாதிச்சு பணம் அனுப்ப அறுபதுகள்ல சின்னப் பொண்ணா ஃப்ளைட் ஏறி வந்து, ஏர்போர்ட்ல நின்ன அம்மாவையே அடையாளம் தெரியாம முழிச்சிருக்காங்க. ஜமைக்கா மாதிரி கரீபியன் தீவுகள்ல இருந்து அந்தக் காலத்துல இப்படி வந்த ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைங்க ஏராளம். வந்த கொஞ்ச நாள்லயே ஒரு டெஸ்ட் வெச்சு, இங்கிலீஷ் வீடுகள்ல புழங்குற விஷயங்களையே கேட்டு, பதில் சொல்லலைன்னதும் மந்த புத்தின்னு முத்திரை குத்தி ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க. அவங்க அம்மா ஸ்பெஷல்னா நல்ல ஸ்கூல் போலன்னு சந்தோஷப்பட்டாங்களாம். அங்க நாள் பூரா கலர் அடிக்கிறதும் தையலும்தான். இதை அந்த அக்கா சொல்லும்போது எனக்கு வயிறு எரிஞ்சுது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லைங்க. லண்டன் கல்வித்துறையோட 1967 அறிக்கையிலயே இருக்கு, அந்த மாதிரி ஸ்கூல்கள்ல இருந்த குடியேறிய குடும்பத்துப் பிள்ளைங்கள்ல நாலுல மூணு பங்கு மேற்கிந்திய, அதாவது கரீபியன் தீவுக் குடும்பத்துப் பிள்ளைங்க, ஆனா சாதாரண ஸ்கூல்கள்ல குடியேறிய பிள்ளைங்கள்ல அவங்க சுமார் பாதிதான். அப்படிப்பட்ட ஸ்கூல்ல பாடம் எடுத்த பெர்னார்ட் கோர்ட், கிரெனடாங்கிற கரீபியன் தீவுக்காரர், 1971ல இதையெல்லாம் ஒரு சின்ன புத்தகமா எழுதி போட்டு உடைச்சார். ட்ரினிடாட்ல இருந்து லண்டன் வந்த எழுத்தாளர் ஜான் லா ரோஸ் நடத்தின நியூ பீக்கன் பதிப்பகம்தான் அதை வெளியிட்டுச்சு. பெற்றோர் கொதிச்சுப் போய் தெருவுல இறங்கினாங்க, கூட்டம் போட்டாங்க. ஐக்யூ குறைவுங்குறது இந்தப் பிள்ளைங்க பின்தங்குறதுக்கு முக்கிய காரணம் இல்லைன்னு அரசாங்கமே போட்ட ஸ்வான் கமிட்டி சொல்றதுக்கு 1985 ஆயிடுச்சு. அதுக்குள்ள ஒரு தலைமுறையோட படிப்பே போயிடுச்சு.

கட்டுரையில முக்கியமா விட்டுப்போனது, இந்தப் பிள்ளைங்களுக்காக அவங்க சமூகத்து ஆளுங்களே நடத்தின சனிக்கிழமை ஸ்கூல்கள். லா ரோஸ் 1969லயே தன் வீட்டுல ஒண்ணு ஆரம்பிச்சார், அதே மாதிரி சர்ச் ஹால்லயும் வீட்டு ஹால்லயும் நிறைய நடந்துச்சு. பஸ் ஓட்டிட்டு, ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி பாத்துட்டு தூங்காம வந்து பாடம் எடுத்திருக்காங்க. நான் சொன்ன அந்த அக்கா ஒழுங்கா வாசிக்கக் கத்துக்கிட்டது அங்கதான், ஹெயிட்டியில அடிமைகளா இருந்தவங்க நெப்போலியன் படையை விரட்டிட்டு 1804ல தனி நாடு அமைச்சதையும் அங்கதான் கேட்டிருக்காங்க. அப்புறம் வேலைக்குப் போய்க்கிட்டே ஓபன் யுனிவர்சிட்டியில டிகிரி முடிச்சாங்க. தான் யாருன்னு இவங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியுமா? இன்னைக்கு நம்ம பிள்ளைங்களை சனிக்கிழமை தமிழ் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற லண்டன் பெற்றோர்ல எத்தனை பேருக்கு இதெல்லாம் தெரியும்?

அதோட விடலை பாருங்க. அம்மா அப்பா பாஸ்போர்ட்ல சின்ன வயசுல வந்தவங்க கிட்ட, இங்கயே வேலை பாத்து வரி கட்டினவங்க கிட்ட, பல வருஷம் கழிச்சு நீ இங்க சட்டப்படிதான் இருக்கியான்னு ஆதாரம் கேட்டாங்க. 2018ல விண்ட்ரஷ் விவகாரமா (1948ல கரீபியன் மக்களை ஏத்திட்டு வந்த கப்பலோட பேரு அது) வெடிச்சது இதுதான். அவங்க வந்ததுக்கு சாட்சியா இருந்த லேண்டிங் கார்டுகளை உள்துறை 2010லயே அழிச்சிட்டு, ஒவ்வொரு வருஷத்துக்கும் பேப்பர் கொண்டு வான்னு கேட்டுச்சு. வேலை போச்சு, வைத்தியம் மறுத்தாங்க, சில பேரை நாட்டை விட்டே அனுப்பிட்டாங்க. குழப்பம் யாருக்குங்க, அவங்களுக்கா, அவங்களை யாருன்னு முடிவு பண்ணத் தெரியாத அரசாங்கத்துக்கா?

அந்த ஸ்பெஷல் ஸ்கூல்கள்ல படிச்சவங்களுக்கு இப்போ அறுபது, எழுபது வயசு ஆகுது. பிரிக்ஸ்டன்ல பிளாக் கல்ச்சுரல் ஆர்க்கைவ்ஸ் இருக்கு, ஃபின்ஸ்பரி பார்க்ல ஜார்ஜ் பேட்மோர் இன்ஸ்டிடியூட் இருக்கு, அந்தக் காலத்து நோட்டீஸ், கடிதம் எல்லாம் பாதுகாத்து வெச்சிருக்காங்க. அடுத்த கட்டுரைக்கு தயவுசெஞ்சு உங்க நிருபரை அங்க அனுப்புங்க, அவங்க வாயாலேயே கேட்டு எழுதச் சொல்லுங்க. கூட வந்து உதவ நான் தயார்.

இப்படிக்கு,
லூயிஷம், லண்டனில் இருந்து ஒரு வாசகி