கொப்பளித்துத் துப்பிய பிறகு

மதுரை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடந்ததால் பதில் எழுத உட்கார முடியவில்லை. பேரன் தவழ்வதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், உன் சர்க்கரை அளவைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம். இருக்கட்டும், நேரில் பேசிக்கொள்கிறேன்.

அம்மாவுக்குப் பல்செட்டுக்கு அடியில் அண்ணம் சிவந்து எரிகிறது, டாக்டர் நிஸ்டாடின் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். "ரெண்டு நிமிஷம் கொப்பளிச்சுத் துப்புற மருந்து என்னத்தைக் கிழிக்கும்? எச்சில் அடிச்சிட்டுப் போயிடாதா?" என்றும் கேட்டிருந்தாய். டேய், என் எம்.எஸ்ஸி. புராஜெக்டே அதுதான்!

அம்மாவின் வாயில் தொல்லை தரும் பூஞ்சையான கேண்டிடா என்ற ஈஸ்ட்டை ஒரு மணி நேரம் நிஸ்டாடினில் ஊறவிடுவோம். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, உப்புநீரில் மூன்று முறை கழுவி, மருந்தே இல்லாத புது ஊட்டக் கரைசலில் 37 டிகிரியில் வைப்போம். பக்கத்துக் குழாயில் மருந்து படாத ஈஸ்ட் இருக்கும். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் அது வளர்ந்து நீராகாரம் மாதிரி கலங்கியிருக்கும். மருந்து பட்டது இன்னும் தெளிவாகவே இருக்கும். எல்லாம் செத்துப்போய்விடவில்லை, மறுநாள் அதுவும் கலங்கிவிடும். அந்தச் சுணக்கம் எத்தனை மணி நேரம் என்பதுதான் கணக்கு.

முதல் தடவை எனக்குச் சுணக்கம் அதிசயமாக நீண்டது. தலைகால் புரியாமல் கைடிடம் ஓடினேன். "ஒழுங்கா கழுவினியா?" என்று மட்டும் கேட்டார். அவசரத்தில் ஒரே தடவைதான் கழுவியிருந்தேன். ஒட்டிக்கொண்டிருந்த மருந்து பார்த்த வேலையை நான் ஈஸ்ட்டின் சோர்வு என்று எழுதி வைத்திருந்தேன். திரும்பச் செய்தபோது குறைந்தது, ஆனாலும் பல மணி நேரம் இருந்தது.

ஃப்ளூகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தில் ஊறிய ஈஸ்ட்டோ கழுவினதும் ஒன்றுமே நடக்காதது போல வளர்ந்தது. நிஸ்டாடின் ஈஸ்ட்டின் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைப் பிடித்துச் சவ்வையே பழுதாக்குகிறது. அடைத்துச் சரிசெய்ய நேரம் பிடிக்கும். ஃப்ளூகோனசோல் எர்கோஸ்டெரால் தயாரிப்பை மட்டும் நிறுத்துகிறது, மருந்து போனால் பட்டறை மறுபடி திறந்துவிடும். அதற்காக அது மட்டமான மருந்து இல்லை. மாத்திரையாக விழுங்கினால் உடம்பிலேயே நாள்கணக்கில் தங்கும், கொப்பளிக்கிற மருந்துக்கு அந்த வசதி கிடையாது.

இலங்கைக்காரர்களான சமரநாயக்க, எல்லேபொல இருவரும் இதை விரிவாக ஆராய்ந்தவர்கள். எனக்குப் பிடித்தது வளர்ச்சிக் கணக்கை விட அவர்கள் பார்த்த மற்ற விஷயங்கள்தான். மருந்து பட்டு மீண்ட ஈஸ்ட்டால் கன்னத்தின் உட்புறச் செல்களில் முன்போல ஒட்ட முடிவதில்லை. சாதாரணமாக ஈஸ்ட்டைச் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) போட்டு வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊறவைத்த பச்சைப்பயறு போல முளை விடும். மருந்து பட்டவற்றில் பாதிக்கு மேல் உருண்டையாகவே கிடந்ததை நானும் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன்.

இந்த நிஸ்டாடினுக்கும் தபாலுக்கும் ஒரு உறவு உண்டு. அதைக் கண்டுபிடித்த இருவரில் எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரில், ரேச்சல் பிரவுன் அதே மாநிலத்து ஆல்பனியில் இருந்தார்கள். மாதிரிகளை ஜாடியில் அடைத்துத் தபாலில் அனுப்பி அனுப்பியே 1950இல் அறிவித்தார்கள். மருந்தின் பெயரில் (Nystatin) இருப்பது நியூயார்க் மாநிலம்தான் (New York State).

ஆனால் இதைச் சாக்காக வைத்து அம்மா துப்பின கையோடு காபி குடித்துவிடப் போகிறார்கள்! நான் சொன்னது குழாயில் மிதக்கும் ஈஸ்ட்டின் கதை. பல்செட்டில் பாசி மாதிரி படிந்திருப்பது இவ்வளவு சுலபத்தில் மசியாது. அரை மணி நேரம் எதுவும் வேண்டாம். ராத்திரி பல்செட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போடச் சொல். விடிகாலையில் பால்காரன் வந்தால் எப்படிக் கதவைத் திறப்பது என்பார்கள். மருந்து முடியும் வரை நீ எழுந்து பாலை வாங்கு.

அன்புடன்,
ராஜு