ரெக்கவரி வண்டிய நிறுத்தி பர்மிட் கேக்கறது சரியாங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

ரோட்டோரம் நின்ன லாரி மேல கார் மோதிருச்சுன்னு அடிக்கடி செய்தி போடறீங்க, ஆனா அந்த லாரி ஏன் அத்தன நேரம் அங்கயே நின்னுச்சுன்னு யாரும் எழுதறதில்லீங்க. நான் பெருந்துறை பக்கம் பத்து வருசமா ஹெவி ரெக்கவரி வண்டி, அதாவது பழுதாகி நின்ன லாரியக் கட்டி இழுக்கற வண்டி ஓட்டறவன், அதனால எழுதறேன்.

போன மாசம் ஒரு ராத்திரி, சேலம் - கொச்சி ரோட்டுல சிமெண்ட் லோடு டாரஸ் லாரி ஒண்ணு இன்ஜின் சீஸ் ஆகி நின்னுருச்சு. கட்டி இழுக்கறதுன்னா செயினைப் போட்டு இழுத்துட்டுப் போறதுன்னு நெனைக்கறாங்க, அப்படி இல்லீங்க. இன்ஜின் ஓடலைன்னா பிரேக்குக்கு ஏர் ஏறாது, ஏர் இல்லைன்னா பின்சக்கரம் பிரேக்ல பூட்டிக்கும், என்ற வண்டில இருந்து ஹோஸ் மாட்டி ஏர் குடுத்தாத்தான் விடும், அப்பறம் அடில படுத்து, கியர்பாக்ஸ்ல இருந்து பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டோட ஜாயிண்டைக் கழட்டோணும், கழட்டாம இழுத்தா ஆயில் சுத்தாம கியர்பாக்ஸ் கருகிப் போயிரும். ஒவ்வொரு பஸ் போறப்பவும் தரை அதிருறது முதுகுல தெரியும். லாரி டிரைவர் வயசானவரு, வேப்பந்தழைய ஒடிச்சுப் போட்டுட்டு பின்னாடி நின்னு செல்போன் லைட்டை ஆட்டிட்டே இருந்தாரு.

இத்தனையும் முடிச்சு லாரி மூக்கைத் தூக்கிட்டு கெளம்புனா, கொஞ்ச தூரத்துல செக்கிங்ல நிறுத்தி பர்மிட் எங்கன்னு கேட்டாங்க. ரெண்டு மணி நேரம் போச்சு. மறுபடி ரோட்டோரம், மறுபடி அதே டிரைவர் அதே லைட்டோட.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 66(3) படிச்சுப் பாருங்க, பழுதான வண்டிய இழுக்கற வண்டிக்கு பர்மிட் தேவையில்லைன்னு இருக்குது. எஃப்.சி.ங்கற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், டாக்ஸ் எல்லாம் நான் ஒழுங்காக் கட்டறேன். பர்மிட் விசயத்தை விட்டா ஓவர்லோடுன்னு பிடிக்கறாங்க. 2018ல ஆக்ஸில் வெயிட்டை, அதாவது ஒரு அச்சு மேல எவ்வளவு எடை வரலாம்ங்கற அளவை ஏத்துனப்பறமும் பின்னாடி நாலு டயர் ஆக்ஸிலுக்கு 11.5 டன்தான், இன்னொரு லோடு லாரியோட மூக்கைத் தூக்குனா என்ற பின் ஆக்ஸில்ல வெயிட் எச்சாத்தானுங்க காட்டும், சரக்கு ஏத்துன லாரிக்குப் பாக்கற கணக்கையே எனக்கும் பாத்தா எப்படிங்க?

சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைய எடுத்துக்கங்க, 27 கொண்டை ஊசி வளைவு, ஒரு வண்டி மாட்டுனா ரெண்டு பக்கமும் அப்படியே நின்னுரும். 2022ல இருந்து சாயங்காலம் 6 மணிக்கு மேல காலைல 6 வரைக்கும் கனரக வண்டி போகக்கூடாது, யானை சிறுத்தை நடமாடற காடு, அது ரொம்ப சரி. ஆனா 5 மணிக்கு மாட்டுன லாரிய எடுக்க கீழ இருந்து போற ரெக்கவரி வண்டி பொழுது எறங்குனப்பறம் என்ன பண்ணோணும்னு தெளிவா எழுதி வெக்கோணுமுங்க. காட்டிலாகா ஆளு ஒருத்தர் கூட வந்தாக்கூட எங்களுக்குச் சம்மதம்.

எங்க பக்கமும் தப்பு இருக்குதுங்க. பழைய லாரி சேஸிஸ்ல வண்டியத் தூக்கற இரும்புக் கை ஒண்ணைப் பத்தவெச்சு ரெக்கவரின்னு போர்டு மாட்டிக்கறவங்க இருக்காங்க, ஏத்தத்துல போறப்போ லாரியக் கட்டுன பெல்ட்டு அந்துச்சுன்னா பின்னாடி வர்ற குடும்பமே போயிரும். அந்தக் கையும், கம்பிக் கயிறைச் சுத்தி இழுக்கற வின்ச்சும் எத்தன டன் தாங்கும்னு எஃப்.சி.ல டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, தேறாத வண்டிய ஓட்ட விடாதீங்க. தேறுன வண்டிக்கு, இழுக்கறப்போ எவ்வளவு வெயிட் வரைக்கும் போலாம்னு போக்குவரத்துத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டு, எல்லா செக்போஸ்ட்லயும் ஒட்டோணுமுங்க. என்ற வண்டி கேபின்லயும் ஒரு காப்பி ஒட்டிக்கறேன்.

இப்படிக்கு,
ரெக்கவரி வண்டிக்காரன் ஒருத்தன்,
பெருந்துறை.