சைக்கிளுக்குப் போக ஓர் இடம் வேண்டும்

அன்பு மகளுக்கு,

சைக்கிள் வாங்கிவிட்டேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. பேச்சின் முடிவில் நீ கேட்டதுதான் காதிலேயே நிற்கிறது. "ஆசையா வாங்கிட்டேம்மா. ஆனா ரெண்டு மாசத்துல மூலையில சாத்தி வச்சிடுவேனோன்னு பயமா இருக்கு. வருஷக்கணக்கா விடாம ஓட்டறவங்க எல்லாம் எப்படித்தான் ஓட்டறாங்க?" அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இன்று உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை, விடாமல் ஓட்டுகிற பலருக்கு மனஉறுதி மற்றவர்களைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு சைக்கிளில் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. உடம்பு இளைக்க வேண்டும் என்று மட்டும் தொடங்குகிறவர் ஒவ்வொரு காலையும் தன்னோடு வாதாடி ஜெயித்த பிறகுதான் வண்டியை வெளியே எடுக்க முடியும். வேலைக்கு ஓட்டிப் போகிறவருக்கு அந்த வாதமே இல்லை. எப்படியும் போக வேண்டும், போகும் வழி இது. உடம்பு நன்றாவதும் மனம் லேசாவதும் தாமாகப் பின்னால் வந்து சேர்கின்றன.

என் விஷயமும் அப்படித்தான். நீ பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் நான் சைக்கிள் கற்றுக்கொண்டேன். ஆசை சின்ன வயதிலிருந்தே இருந்தது. வெறும் ஆசையால் எதுவும் நடக்கவில்லை. உன்னைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம்தான் என்னைக் கற்றுக்கொள்ள வைத்தது. நடந்தால் தாமதம், பஸ் எப்போது வரும் என்பது அதற்கே தெரியாது. உன் பெரியம்மா வண்டியைக் கொண்டுவந்து, சீட்டை நன்றாக இறக்கி, "பெடலைத் தொடாதே, காலால உந்திக்கிட்டே போ, விழப் போற பக்கமே ஹேண்டிலைத் திருப்பு" என்றாள். விழப்போகும் பக்கமே திருப்புவதா என்று நம்ப மனம் வரவில்லை. ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. சாயும் பக்கம் சக்கரத்தைத் திருப்பினால் வண்டி நம் எடைக்குக் கீழே வந்து நம்மைத் தாங்கிக்கொள்கிறது. சாயாமல் சமநிலையில் போக வந்த பிறகு பெடல் மிதிப்பது ஒரு வேலையே இல்லை.

மனித இனமே இந்த வரிசையில்தான் கற்றது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. 1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ட்ரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய இரண்டு சக்கர வண்டிக்கு பெடலே கிடையாது. உட்கார்ந்தபடி தரையைக் காலால் உந்திப் போனார். பெடல் வர இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று; 1860களில் பாரிஸில்தான் முன்சக்கரத்தில் பெடல் வைத்த வண்டிகள் பரவின. வயதான பிறகு கற்க வருகிறவர்களுக்கு நான் இன்றும் உன் பெரியம்மா வழியைத்தான் சொல்கிறேன். நீ சின்ன வயதில் குரங்குப் பெடலில் தொடங்கியவள், உனக்கு அது தேவையில்லை. எத்தனை வருடம் விட்டிருந்தாலும் கொஞ்ச தூரத்தில் உடம்பு நினைவுபடுத்திக்கொள்ளும்.

யார் ஓட்டத் தொடங்குகிறார்கள் என்பதை வண்டியும் தீர்மானிக்கிறது. முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருந்த காலத்தில் துணிச்சலான இளைஞர்கள் மட்டுமே ஏறினார்கள். தலைகுப்புற விழுந்தால் உயிருக்கே ஆபத்து. 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்து, செயினால் பின்சக்கரத்தை ஓட்டும் 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். 1888-ல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார்; முதலில் அவர் அதைச் செய்தது தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக. இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் பெண்களும் வயதானவர்களும் பெருமளவில் வந்தார்கள். அதுவரை அவர்களுக்குத் தைரியம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த உலகம், வண்டி மாறியதும் அவர்கள் ஓட்டுவதைப் பார்த்தது.

ஆனி லண்டன்டெரியை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு தெம்பு வரும். மூன்று குழந்தைகளின் தாய். சைக்கிள் பழக்கமே அநேகமாக இல்லாத நிலையில் 1894-ல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார். நீளப் பாவாடை, ஏறத்தாழ 19 கிலோ எடையுள்ள வண்டி. சிகாகோ வந்து சேர்வதற்குள் ஓய்ந்துபோனார். அங்கே அவர் பயணத்தைக் கைவிடவில்லை; வண்டியை மாற்றினார். பாதி எடையே உள்ள ஆண்கள் சைக்கிள், கால்சட்டை. அதில்தான் பயணத்தைத் தொடர்ந்து 1895-ல் திரும்பி வந்தார். வழியில் கப்பலும் ரயிலும் நிறையவே ஏறினார், அதனால் என்ன. வலிக்கிறது, கனக்கிறது என்றால் நீயும் முதலில் வண்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும், உன்னை அல்ல.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92-ல் நடந்ததை நீ பாடத்தில் படித்திருக்க மாட்டாய், ஆனால் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பக்கபலமாக நின்றார். வயல் வேலைக்குப் போனவர்கள், கல் குவாரியில் உழைத்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று சுமார் ஒரு லட்சம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள், காது கூசும்படி பேசியவர்களும் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது குறுக்குக் கம்பி போட்ட ஆண்கள் வண்டியையே எடுத்தார்கள்; அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தண்ணீர்க் குடம் கேரியரில் ஏறியது. விளைந்ததை விற்கப் போகிறவர்கள் பஸ்ஸுக்காக நாளில் பாதியைத் தொலைக்காமல் இன்னும் இரண்டு ஊர் அதிகமாகப் போய் விற்றுவிட்டு வந்தார்கள். எங்கே போவதற்கும் அப்பாவையோ கணவரையோ அண்ணனையோ எதிர்பார்த்து நின்ற நிலை மாறியது. ஒரு முறை இதைச் சுவைத்தவர்களிடம் "விடாமல் ஓட்டுங்கள்" என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பீகாரிலும் இதே கதை, வேறு வயதில். 2006-ல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் அதனால் 32 சதவீதம் உயர்ந்திருந்தது. பலன் அதிகம் தெரிந்தது பள்ளி மூன்று கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளி இருந்த கிராமங்களில். நடக்க முடியாத தூரத்தில், ஆசைப்பட்ட இடம் ஒன்று இருந்தது. வண்டி வந்ததும் அந்தப் பிள்ளைகள் போனார்கள்.

ஆனால் கண்ணு, இடமும் வண்டியும் இருந்தும் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் பயம். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. நெதர்லாந்துக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்று பேசுவார்கள். அது சரியில்லை. அங்கேயும் 1950, 60களில் கார் பெருகப் பெருக சைக்கிள் மளமளவென்று குறைந்தது. 1971-ல் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேல் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் "குழந்தைகள் கொலையை நிறுத்துங்கள்" என்று எழுத, அந்தப் பெயரிலேயே பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை. மக்கள் காலியான சாலையில் சைக்கிளை எடுத்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பொறுமையாகத் தனிப்பாதைகள் போட்டதால்தான் இன்று அங்கே நான்கில் ஒரு பயணத்துக்கும் மேல் சைக்கிளில் நடக்கிறது. ஸ்பெயினின் செவில்லே நகரம் 2006-ஐ ஒட்டி, காரிலிருந்து தடுப்பு வைத்துப் பிரித்த பாதைகளைச் சுமார் 80 கிலோமீட்டர் ஒரே மூச்சில் போட்டது. அதுவரை ஓட்டாத ஊர் ஓட்டத் தொடங்கியது. நெதர்லாந்தில் தெருவுக்கு வந்த அந்தப் பெற்றோர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். அவர்கள் பிள்ளைகளிடம் "ஜாக்கிரதையாய்ப் போ" என்று சொல்வதோடு நிறுத்தவில்லை. பாதை கேட்டார்கள்.

அதனால் உன் வழியை நீ தேர்ந்தெடுக்கும்போது குறைந்த தூரத்தைப் பார்க்காதே, அமைதியான தெருவைப் பார். பத்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. முதல் தடவை விடுமுறை நாளில், நெரிசல் இல்லாத நேரத்தில் ஒத்திகை போல ஓட்டிப் பார்த்துவிடு. சாலையின் ஓரத்தோடு ஒட்டிப் போகாதே, நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டராவது விலகிப் போ. கதவை யார் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. லாரி, பஸ்ஸுக்குப் பக்கவாட்டில் நிற்கவே நிற்காதே, ஓட்டுநருக்கு நீ தெரிய மாட்டாய். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. பின் விளக்கு இல்லாமல் இருட்டில் ஓட்டினாய் என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது.

நீ இப்போதுதான் புது ஊருக்கு வீடு மாறியிருக்கிறாய். இது எவ்வளவு நல்ல நேரம் தெரியுமா? பயணப் பழக்கங்களை ஆராய்ந்தவர்கள், வீடோ வேலையோ மாறும்போதுதான் மனிதர்கள் போகும் வழியையும் வாகனத்தையும் சுலபமாக மாற்றிக்கொள்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். எந்தப் பழக்கமும் இன்னும் ஊன்றாத அந்த முதல் சில மாதங்கள் போய்விட்டால் பஸ்ஸோ காரோ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்றில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பிடித்தது. நீ எதையும் ஒரு நாள் தவறவிட்டால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடுகிறவள். கொட்டும் மழையா, உடம்பு சரியில்லையா, பஸ்ஸில் போ. அடுத்த நாள் சைக்கிளை எடு. ஏழு நாளும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளை, ஒரே ஒரு இடத்துக்கு, உறுதியாக வைத்துக்கொள். வேலையோ, நூலகமோ, தோழி வீடோ, எதுவாக இருந்தாலும் சரி.

இனி உடம்பு. முதல் இரண்டு வாரம் உட்காரும் எலும்பு வலிக்கும், அதற்குப் பயப்படாதே, பழகிவிடும். மெத்தென்று அகலமான சீட் வாங்கினால் சரியாகும் என்று எல்லோரும் நினைப்பார்கள். நீண்ட தூரத்தில் அதுதான் தொடையில் உரசி அதிகம் படுத்தும். முழங்கால் வலித்தால் மட்டும் பொறுத்துக்கொள்ளாதே. பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வை. கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். அந்த உயரத்தில் கால் தரைக்கு எட்டாதே என்று பயமாயிருக்கும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்பக்கம் இறங்கி நிற்கப் பழகிக்கொள். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட லேசான கியரில் வேகமாகச் சுற்றுவது முழங்காலுக்கு நல்லது. நிமிடத்துக்கு 60, 70 சுற்று வந்தால் போதும்.

இன்னொன்று, இதைப் பெரிதாக யாரும் சொல்லித் தருவதில்லை. டியூபில் காற்று, ஓட்டாவிட்டாலும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். சில வாரத்தில் வண்டி கனத்துப்போகும். ஓட்டுகிறவர் தனக்குத்தான் தெம்பில்லை என்று நினைத்துக்கொள்வார். எத்தனை பேர் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள்! எந்த அளவு காற்று வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். வாரம் ஒரு முறை அடித்துவிடு. பஞ்சரும் குறையும். செயினுக்கு அவ்வப்போது எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துணியால் துடைத்துவிடு. மழையில் போவதற்கு மட்கார்டு மிக முக்கியம், முதுகெல்லாம் சேறாகிவிட்டால் அடுத்த முறை மனமே வராது. வேலை செய்யும் இடத்தில் ஒரு மாற்றுத் துணி வைத்திரு.

இவ்வளவும் எழுதியது உன்னைத் துரத்தி ஓட்ட வைக்க இல்லை. எனக்கு அந்த வண்டி கொடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். யாரையும் கேட்காமல், யாருக்கும் காத்திருக்காமல் கிளம்பிப் போகிற அந்தச் சுகம் உனக்கும் வேண்டும் என்ற ஆசை.

அப்பா உனக்கு ஒரு நல்ல பம்பு அனுப்பப் போகிறாராம். உன் டியூபின் வால்வு மெலிந்து, நுனியில் திருகு வைத்ததா, இல்லை கார் டயரில் இருப்பது போல் தடித்ததா என்று பார்த்து எழுது. இரண்டுக்கும் பம்பின் வாய் வேறு. அப்படியே வாரத்தில் எந்த இரண்டு நாள், எந்த இடம் என்று முடிவு செய்தாய் என்பதையும் எழுது.

அன்புடன்,
அம்மா