ஐந்து ஆடிக் காற்றுக்கு ஒரு நன்றி மடல்

கொழிஞ்சாம்பாறையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பெரியோர்களுக்கும், எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களுக்கும், பட்டறையிலும் காற்றாலையிலும் கூட நின்ற அண்ணன்மாருக்கும்,

வணக்கம்.

கடந்த தை மாதம் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஆய்வேட்டின் முகப்பில் நன்றியுரைக்கென ஒரு பக்கம் ஒதுக்குவது வழக்கம் என்பதால் நானும் ஒரு பக்கம் எழுதினேன். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் நான் குறிப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. மீதிப் பேருக்கு அந்தத் தடித்த புத்தகம் கைக்கு எட்டப்போவதில்லை. நன்றி சொன்னது உரியவருக்குத் தெரியாமலே போகும் என்றால் அது நன்றியாகாது என்று தோன்றியதால் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். "அஞ்சு வருசமா அப்படி என்னதான் படிச்சே, உனக்கு யார் சம்பளம் கொடுத்தாங்க?" என்று கடைவீதியில் கேட்டவர்களுக்கும் இதில் விடை இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனியில் எழும் காற்று அந்த வாசல் வழியாக நம் தென்னந்தோப்புகளைத் தலைசாய்த்துவிட்டு உடுமலைப் பக்கம் போகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய ஆற்றல் எட்டு மடங்காகும். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அத்தனை காத்தாடிகள் (காற்றாலைகள்) நிற்பதற்குக் காரணம் அதுவே. அந்தக் காத்தாடிகளின் கியர்பாக்ஸ் எனும் பல்சக்கரப் பெட்டி எப்போது பழுதாகும் என்பதை அதன் அதிர்வைக் கொண்டு முன்கூட்டியே அறிய முடியுமா என்பதுதான் என் ஆய்வு.

இந்தக் கேள்வி கல்லூரியில் முளைத்ததன்று. பி.டெக் முடித்ததும் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் மாதம் 16,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். அங்கே, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் கத்தத் தொடங்கிய பிறகுதான் அதைக் கழற்றுவார்கள். கத்துவதற்கு ஒரு மாதம் முன்பே அது முனகியிருக்குமே, அதை யாரும் ஏன் கேட்பதில்லை என்று எனக்கு மேலிருந்த ஃபோர்மேனிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இன்றைய உற்பத்தியை யார் பார்ப்பது?" என்றார். அவர் சொன்னது சரிதான். உற்பத்தி நடக்கும் இடத்தில் ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருக்க நேரம் கிடையாது. அந்த நேரத்தைத்தான் ஆய்வு உதவித்தொகை வாங்கித் தருகிறது என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குப் புரிந்தது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி, கட்டணத்தையும் தாமே கட்டிய அந்த ஃபோர்மேனுக்கு என் முதல் நன்றி.

அந்தத் தேர்வின் மதிப்பெண்ணால் எம்.டெக் படிப்புக்கு மாதம் 12,400 ரூபாய் கிடைத்தது. சீனிவாச இராமானுசன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்தார் என்பதும், 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். பட்டம் பெறாத ஒருவருக்கு அந்தப் பல்கலைக்கழகம் விதித்த முதன்மையான நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையை எழுதித் தர வேண்டும் என்பது. அவருக்கு வருமானம் ஏறியது. எனக்கு 16,000 போய் 12,400 ஆயிற்று. வீட்டில் இதைச் சொன்ன அன்று அப்பா அதிகம் பேசவில்லை. என் பாட்டி, அமுச்சி மட்டும், "படிக்கிறதுக்குக் காசு தர்றாங்கன்னா அதுல ஏதோ இருக்குது, போகட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லின் பேரில்தான் போனேன்.

முனைவர் பட்டத்துக்கான தேர்வில் என் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. முதலிடம் பெற்றவர் வேறு வேலை கிடைத்துப் போனதால் அந்த இடம் எனக்கு வந்தது. மிச்சத்தில் கிடைத்த இடம் என்று நான் குன்றியபோது என் நெறியாளர் ஒரு பழைய செய்தியைச் சொன்னார். 1851 லண்டன் பொருட்காட்சியில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு ஏற்படுத்திய உதவித்தொகை நியூசிலாந்தில் முதலில் ஒரு வேதியியலாளருக்குத்தான் போனது. அவர் ஏற்காததால் அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். 1895இல் அந்தப் பணத்தில் கேம்பிரிட்ஜ் சென்ற அந்த அடுத்தவர்தான் பின்னாளில் அணுக்கருவைக் கண்டறிந்த ரூதர்ஃபோர்டு. நான் ரூதர்ஃபோர்டு இல்லை என்பது என் நெறியாளருக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் கையெழுத்திடப் போகும்போது என் நடை சற்று நிமிர்ந்துதான் இருந்தது.

2020 ஜனவரியில் சேர்ந்தபோது மாதம் 31,000 ரூபாய். இரண்டு ஆண்டு முடிந்து குழுவின் மதிப்பீட்டில் தேறியதும் 35,000. பிறகு தொகையைத் திருத்தி, 2023 ஜனவரி 1 முதல் இளநிலை ஆய்வாளருக்கு 37,000, முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 என்று உயர்த்தினார்கள். ஐந்து ஆண்டுதான் கணக்கு. ஐந்து ஆண்டு என்றால் எனக்கு ஐந்து ஆடி. காற்று வீசும் மாதங்களில்தான் அளவெடுக்க முடியும். ஓர் ஆடி தவறினால் அடுத்த ஆடி வரை கைகட்டி நிற்க வேண்டும். முதல் ஆடியைக் கொரோனா ஊரடங்கு கொண்டுபோயிற்று.

அந்த ஆண்டு முழுவதும் ஆய்வகத்தோடு என்னைக் காப்பாற்றியவர் எங்கள் துறைப் பட்டறையின் லேத் அண்ணன். கியர்பாக்ஸின் தண்டுகளைத் தாங்குவதும் பேரிங்தான். எனக்குத் தேவைப்பட்டது பழுதான பேரிங். பழுது எங்கே, எவ்வளவு என்று எனக்கு முன்பே தெரிந்த பேரிங். கடையில் நல்லதுதான் விற்பார்கள். 6205 என்ற எண்ணுள்ள, உள்ளே 9 குண்டுகள் ஓடும் சாதாரண பேரிங்கை வாங்கி, அதன் வெளிவளையத்தில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல் போட வேண்டும். கடினப்படுத்திய எஃகில் சாதாரண உளி இறங்காது. மின்பொறியால் அரிக்கும் இயந்திரத்தில் போட வேண்டும். அவர் அந்த வளையத்தைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குண்டு ஓடும் தடத்துக்கு நடுவில் நகத்தால் தொட்டுக் காட்டி, "இங்கேதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் இயந்திரத்தை ஓடவிடுவார். அந்தப் பேரிங் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் சுழலும்போது குண்டுகள் அந்தக் கீறலை நொடிக்கு ஏறத்தாழ 90 முறை தட்டிச் செல்லும். திரையின் அதிர்வு வரைபடத்தில் அந்த 90இல் முதன்முதலாக ஒரு கோடு எழுந்தபோது அவர்தான் அருகில் நின்றார். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவர் பெயரைச் சேர்க்கும் வழக்கம் இல்லை என்றார்கள். வழக்கம் தவறு என்பதே இன்றும் என் கருத்து.

இரண்டாவது ஆடி என் தவற்றால் போயிற்று. உடுமலைப் பக்கம் பழைய சிறு காற்றாலை ஒன்றில் அளவெடுக்க அதன் உரிமையாளர் இரக்கத்தோடு அனுமதி தந்தார். அதன் இறகுகள் நிமிடத்துக்கு 40 சுற்றை ஒட்டிச் சுழல, மின்னாக்கி 1,000 சுற்றைத் தொட வேண்டும். இடையில் நின்று சுமப்பது கியர்பாக்ஸ். ஆய்வகத்தில் அதிர்வு உணரியைத் தேன்மெழுகால் ஒட்டிப் பழகியிருந்த நான், 30 மீட்டர் ஏணி ஏறி அங்கும் தேன்மெழுகால் ஒட்டினேன். ஓடும் கியர்பாக்ஸின் சூட்டில் அது இளகும் என்று எனக்குத் தோன்றவில்லை. பதினொரு நாள் கழித்துத் திறந்து பார்த்தால், உணரி கழன்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பதிவானதெல்லாம் அது தகரத்தில் மோதிய சத்தம். கூட ஏறி வந்த மெக்கானிக் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "மெழுகு பூசற இடமா கண்ணு இது?" என்று மட்டும் கேட்டு, சிறிய எஃகுத் தட்டை அரால்டைட் பசையில் ஒட்டி, அதில் மரை வெட்டி உணரியைத் திருகும் முறையைக் காட்டினார். அதற்குள் காற்று ஓய்ந்துவிட்டது.

வேலையில் இருந்திருந்தால் அந்தப் பதினொரு நாளோடு அந்த முயற்சிக்கு முற்றுப்புள்ளி வைத்திருப்பார்கள். உதவித்தொகையில் இருந்ததால் எனக்கு மூன்றாவது ஆடி கிடைத்தது. என் ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம் முழுவதும் 2022இன் அந்த ஆடியில் எடுத்த அளவுகளால் ஆனது. பொறியியல் படித்த ஒருவரின் தொழிலை உதவித்தொகை எப்படி உருவாக்குகிறது என்று என்னைக் கேட்டால், தவறு செய்துவிட்டு அடுத்த காற்று வரை சோறு தின்று காத்திருக்க அது இடம் தந்தது என்றே சொல்வேன்.

ஆனால் அந்தச் சோற்றுக்கும் ஒருமுறை தட்டுப்பாடு வந்தது. 2021இல் ஐந்து மாதம் பணம் வரவில்லை. நான் பணியில் இருக்கிறேன் என்று மாதந்தோறும் ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அந்த இருவருக்கும் நடுவில் என் தாள் எங்கோ படுத்துக்கொண்டது. எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. அந்த ஐந்து மாதமும் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்தவர் நம் கடைவீதி மளிகைக் கடை மாமா. நிலுவை வந்ததும் கணக்கைத் தீர்க்கப் போனேன். அவருடைய நோட்டில் என் பக்கத்தின் மேலே என் பெயரோ அப்பாவின் பெயரோ இல்லை. "காத்தாடிப் பொண்ணு" என்று எழுதியிருந்தது. என் ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பை நான் பின்னாலும் கண்டுபிடிக்கவில்லை.

உதவித்தொகை சும்மா வருவதும் இல்லை. வாரத்துக்கு 8 மணி நேரம் துறை சொல்லும் பணியைச் செய்ய வேண்டும். எனக்கு விழுந்தது இரண்டாமாண்டு மாணவர்களின் ஆய்வக வகுப்பு. அதைத் தண்டனையாக நினைத்த நான்தான் இன்று கோவையில் ஒரு காற்றாலைப் பராமரிப்பு நிறுவனத்தில், ஆய்வுப் பணியோடு புதிதாகச் சேரும் மெக்கானிக்குகளுக்கு அதிர்வைப் படிக்கக் கற்றுத்தரும் பொறுப்பிலும் இருக்கிறேன். நேர்முகத் தேர்வில் என் கட்டுரைகளைப் பற்றிக் கேட்டது குறைவு. மெழுகு இளகிய கதையைச் சொல்லச் சொல்லி அரை மணி நேரம் கேட்டார்கள்.

பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் எனக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித்தந்த டீச்சர்களுக்கும் சார்களுக்கும் இங்கே தனியாக ஒரு வணக்கம். கேரளத்தில் தமிழ்வழியில் படித்தால் மேலே போய்த் திணற வேண்டும் என்று பலர் அச்சுறுத்தினார்கள். பி.டெக் முதலாண்டில் மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் திணறியது உண்மைதான். ஆனால் நெம்புகோலும் உராய்வும் எனக்கு முதலில் தமிழில் விளங்கியிருந்ததால், புதிய சொல்லை மட்டும் கற்றால் போதுமானதாக இருந்தது.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. எனக்குக் கிடைத்தது ஒருவகை உதவித்தொகை மட்டுமே. 2018 பட்ஜெட்டில் அறிவித்த பிரதமரின் ஆய்வு உதவித்தொகையில் முதல் இரண்டு ஆண்டு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, கடைசி இரண்டு ஆண்டு 80,000 ரூபாய் என வகுத்தார்கள். ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் தனி. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஒரு முறை எழுதிவிட்டு வேலைக்குப் போனாலும் பிறகு வந்து சேரலாம். பாலக்காடு ஐ.ஐ.டி. 2015இல் வகுப்புகளைத் தொடங்கியது நமக்குப் பக்கத்தில் கோழிப்பாறையில்தான். பேருந்தில் அந்த வழியாகப் போய்வந்தும் அந்த வாசல் நமக்கும் உரியது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

ஆய்வேட்டின் ஒரு படியை நான் படித்த பள்ளிக்கும், இன்னொன்றைத் துறைப் பட்டறைக்கும் கொடுத்திருக்கிறேன். மளிகைக் கடை மாமாவுக்கு முதல் அத்தியாயத்தின் சுருக்கத்தைத் தமிழில் எழுதித் தந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கேட் விண்ணப்பம் திறக்கும் மாதங்களில் ஞாயிறு காலையில் நான் ஊரில்தான் இருப்பேன். சான்றிதழ்களோடு வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.

என்றும் கடமைப்பட்டுள்ள,
உங்கள் காத்தாடிப் பொண்ணு