அத்தோ கடை அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

என் பெயர் உங்களுக்குத் தெரியாது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, உங்கள் தள்ளுவண்டியின் இடது ஓரம் நின்று, வாரம் தவறாமல் "பூண்டு கொஞ்சம் கூடுதலாக" என்று கேட்டு உங்களை நச்சரித்தவள் நான். வேலை மாறி புனேவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே வடா பாவ் உண்டு, மிசல் உண்டு. உங்கள் பர்மா நூடுல்ஸ், அந்த அத்தோ மட்டும் கண்ணில் படவில்லை. அதனால் நானே செய்யத் துணிந்தேன். இந்தக் கடிதத்தில் பாதி, நான் செய்த பாவங்களின் பட்டியல்.

முதல் முறை வாணலியை அடுப்பில் ஏற்றி, வெங்காயத்தையும் முட்டைக்கோஸையும் வதக்கி, நூடுல்ஸைக் கொட்டிப் புரட்டினேன். கிடைத்தது புளி ஊற்றிய ஃப்ரைடு நூடுல்ஸ். "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார் என் கணவர். அவர் அத்தோவைக் கண்ணால் பார்த்ததில்லை, மன்னித்துவிடுங்கள்.

அப்புறம்தான் உங்கள் வண்டியை மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். அங்கே அடுப்பு எரிவது சூப்புக்குத்தான். நூடுல்ஸ் ஆறிப்போய்க் குவிந்து கிடக்கும். நீங்கள் பேசினில் அள்ளிப் போட்டுக் கையால் பிசைவீர்கள். பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் பிசைந்து கலந்தது என்று பொருளாம். கடைசி 'க்' அவர்கள் தொண்டையிலேயே பாதி நின்றுவிடும். நம் வாய்க்கு வந்தபோது முழுதாகவே காணாமல் போய்விட்டது. பெயரிலேயே செய்முறை இருக்க, நான் வாணலியைத் தேடியிருக்கிறேன்!

இரண்டாம் முறை பிசைந்தேன், ஆனால் சுடச்சுட. ஆவியில் கோஸ் துவண்டது, நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிக் களியானது. இப்போது, இருவருக்கு 200 கிராம் நூடுல்ஸை உப்புப் போட்ட நீரில் ஒரு நிமிடம் முன்னதாகவே வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவித் தட்டில் பரப்பி ஆறவிடுகிறேன். உங்கள் நூடுல்ஸின் அந்த ஆரஞ்சு நிறத்துக்கு நான் போட்டி போடவில்லை. கொஞ்சம் மஞ்சள் தூள், அவ்வளவுதான்.

உயிர் பூண்டெண்ணெயில் இருக்கிறது என்பதை மூன்றாம் முறைதான் புரிந்துகொண்டேன். பதினைந்து பல்லை மெல்லியதாகச் சீவி, எண்ணெய் காய்வதற்கு முன்பே போட்டு, சிறு தீயில் விட வேண்டும். பொன்னிறம் வந்த பிறகு எடுத்தால் தாமதம்; வெளியே எடுத்த பின்னும் அது நிறம் ஏறிக்கொண்டே போகும், கருகினால் எண்ணெய் முழுக்கக் கசக்கும். வைக்கோல் நிறத்திலேயே அரித்துவிடுகிறேன். அதே எண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயத்தை மொறுமொறுப்பாக வறுத்து எடுக்கிறேன். மிஞ்சிய எண்ணெயில் ஒரு சொட்டையும் வீணாக்குவதில்லை.

பிறகு பிசைவது. எண்ணெய், வறுத்து இடித்த மிளகாய், கெட்டியான புளிக்கரைசல், இரண்டு கரண்டி பொட்டுக்கடலை மாவு. பர்மாவில் வறுத்த கொண்டைக்கடலை மாவு தூவுவார்கள். நம் வீட்டு அலமாரியில் அதற்குத் தங்கை இருக்கிறாளே! புளித்தண்ணீர் தட்டின் அடியில் தேங்காமல், மாவு அதை உறிஞ்சி நூடுல்ஸோடு ஒட்டவைக்கிறது. நூலாக அரிந்த பச்சைக் கோஸும் உப்பும் கடைசியில்தான். உப்பு முதலில் பட்டால் கோஸ் நீர்விட்டுச் சொதசொதத்துவிடும். மேலே எலுமிச்சை, கொத்தமல்லி, வறுத்த பூண்டு, நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறுப்பான பர்மியப் பலகாரம். இங்கே பேஜோவுக்குப் போவது எங்கே? ஊரிலிருந்து அம்மா அனுப்பிய தட்டையை நொறுக்கிக்கொள்கிறேன். முட்டை மசாலா மட்டும் முதல் முறையே சரியாக வந்தது. அவித்த முட்டையைக் கீறி வெங்காயத்தையும் புளியையும் திணிக்க யாருக்குத்தான் வராது?

ஒரு மழை நாளில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. 1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளெல்லாம் அரசுடைமையானபோது, ரங்கூனில் மளிகைக்கடை வைத்திருந்த உங்கள் அப்பா கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார் என்றீர்கள். அவர் இங்கே முதலில் சுமை தூக்கினாராம். அத்தோ போட்டது அம்மாதானாம். அன்று கூட்டம் அதிகம், அம்மாவைப் பற்றி மேலே கேட்க முடியாமல் போனது.

சூப்புதான் இன்னும் பிடிபடவில்லை. வாழைத்தண்டு, மிளகு, பூண்டு, கொஞ்சம் கடலை மாவு, எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டேன். ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று வருகிறது. பர்மாவின் நூடுல்ஸ் சூப்பான மொய்ங்காவில் மீன் உண்டு என்று தெரியும். உங்கள் பானையில் மீன் வாசனை வந்ததாக நினைவில்லை. அப்படியானால் அந்தக் கனம் எதிலிருந்து வருகிறது?

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். ஒரு டப்பாவில் என் சூப்பைக் கொண்டுவருவேன். கூட்டம் சேருவதற்கு முன், ஐந்து மணிக்கே வந்து நிற்பேன். ஒரு வாய் குடித்துப் பார்த்து, என்ன குறை என்று மட்டும் சொல்லுங்கள்.

பூண்டு கூடுதலாகக் கேட்கும்
உங்கள் தங்கச்சி