பழைய ஜீப்புக்கு பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி அடியில படுத்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல பழைய ஜீப்பை வாங்கி வீட்டுலயே ரெடி பண்றவங்கள பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், ரொம்ப சந்தோசம். எங்க போடி பக்கம் ஜீப்புங்கறது ஏலத்தோட்டத்துக்கு ஆள ஏத்திக்கிட்டு விடியறதுக்குள்ள போடிமெட்டு ஏறுற வண்டி, சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு போற அந்த கல்லு ரோட்டுல இன்னிக்கும் ஜீப்பு தான் ஓடுது. அதனால இந்த வண்டிய நாலு பேரு மதிச்சு எழுதுறத பாத்தா மனசு நெறஞ்சு போகுது. ஆனா கட்டுரையில போட்ட படம் அத்தனையும் பளபள பெயிண்ட்டு, அகல டயரு, மேல வரிசையா லைட்டு, இவ்வளவுதான். ஒரு படத்துல கூட வண்டியோட அடிப்பக்கம் இல்ல. இத பாத்துட்டு காலேஜ் பசங்க காயலான் கடையில கெடக்குற ஒரு வண்டிய வாங்கி முதல்ல டயர மாத்தப் போயிடுவாங்களேன்னு தான் இத எழுதுறேன்.

துரு வெளிய தெரியற எடத்துல இருக்கறது சின்ன விசயம். ஜீப்புல அது உக்காந்திருக்கற எடமே வேற. பாடிய சேஸ் (வண்டியோட அடிச்சட்டம்) மேல தூக்கி வச்சிருக்கற மவுண்ட்டு, கால் வைக்கிற தரைத்தகரத்துக்கு அடியில ஓடுற சேனல், பேட்டரி தட்டுக்கு கீழ (ஆசிட்டு சொட்டி சொட்டி அரிச்சிருக்கும்), பின்னாடி ஸ்பிரிங் சேஸோட சேர்ற ஷேக்கிள் பக்கம், இங்கெல்லாம் தான் பாக்கணும். ரொம்ப பழைய வில்லிஸ் கம்பெனி ஜீப்புல அந்த சேனலுக்குள்ள மரக்கட்டை வச்சிருப்பாங்க, அது தண்ணிய குடிச்சு உள்ளுக்குள்ளயே வச்சுக்கும், வெளிய தகரம் நல்லா இருக்கும் உள்ள பொடிப்பொடியா போயிருக்கும். சின்ன சுத்தியல எடுத்து தட்டிக்கிட்டே வாங்க, நல்ல இரும்பு கணீர்னு சொல்லும், போன இரும்பு சத்தமே குடுக்காது, சந்தேகமா இருந்தா ஸ்குரூடிரைவரால குத்தி பாருங்க. விக்கிற ஆளு மொகம் கோணுனா கோணட்டும், குத்துனதுல உள்ள போச்சுன்னா அங்க பட்டி பூசி வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

துரு மேல பெயிண்ட் அடிச்சா துரு போகாது, பெயிண்ட்டுக்கு அடியில அது பாட்டுக்கு தின்னுக்கிட்டே இருக்கும். அரிச்ச தகரத்த வெட்டி எடுத்து புதுத்தகரம் வச்சு வெல்டு பண்றது தான் வேலை, மீதிய ஒயர் பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சு அன்னிக்கே பிரைமர் அடிச்சிடணும். வெறும் ரெட் ஆக்சைடு அடிச்சிட்டு மழையில நிறுத்தி வைக்காதீங்க, அது ஈரத்த உள்ள விடும், எப்பாக்ஸி பிரைமர் கொஞ்சம் காசு கூட ஆனாலும் அதுதான் நிக்கும். சின்ன சின்ன பார்ட்ஸுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, சலவை சோடா கலந்த தண்ணி, பேட்டரி சார்ஜர் போதும், நெகட்டிவ பார்ட்ஸ்லயும் பாசிட்டிவ ஒரு பழைய இரும்புத்துண்டுலயும் குடுத்தா ராத்திரியோட துரு இளகிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல மட்டும் பாசிட்டிவ்ல மாட்டாதீங்க, அந்த தண்ணி வெசமாயிடும். மூடுன ரூமுக்குள்ள வைக்காதீங்க, ஹைட்ரஜன் கெளம்பும், ஒரு பொறி போதும். பொறின்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன், சி.ஜே.3பி மாதிரி பழைய ஜீப்புல பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலயே இருக்கு, அத கழட்டி தூரமா வைக்காம தரைத்தகரத்துல வெல்டிங் வைக்கவே கூடாது, காலி டேங்க்கு தானேன்னு நெனைக்காதீங்க, உள்ள நிக்கற ஆவி தான் வெடிக்கும்.

தேய்க்கறப்போ சேஸ் நம்பர் அடிச்சிருக்கற எடத்துல கிரைண்டர கொண்டு போகாதீங்க. மேல ஒரு டேப்ப ஒட்டி மறைச்சிட்டு கையால உப்புத்தாள் போடுங்க. அந்த எழுத்து அழிஞ்சுதுன்னா எஃப்.சி.க்கு போறப்போ பென்சில் பிரதி எடுக்க ஒண்ணும் இருக்காது, நல்ல ஆர்.சி. புக் கையில இருந்தும் திருட்டு வண்டி மாதிரி நிக்க வேண்டி வரும்.

அடுத்து பிரேக். அந்தக்கால ஜீப்புக்கு நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்கு, மாஸ்டர் சிலிண்டர்ல ஒரே லைன், எங்கயாச்சும் ஒரு ஓஸ் பிஞ்சா நாலும் போச்சு. அந்த வண்டிக்கு 6.00-16 அளவு டயர் தான் கணக்கு பண்ணி குடுத்தது. அத எடுத்துட்டு பெரிய டயர மாட்டி, ஸ்பிரிங்க ஏத்தி, 80 இஞ்ச் வீல்பேஸ்ல (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம்) உயரத்தையும் கூட்டி மலை எறக்கத்துல விட்டா நிக்கவும் நிக்காது, திருப்பத்துல கவுந்தும் போகும். டயர் வாங்கற காசுல பிரேக் லைன், வீல் சிலிண்டர், ஸ்டியரிங் கிங்பின் பேரிங் இதெல்லாம் புதுசா போட்டுட்டு மிச்சம் இருந்தா அழகு பாருங்கன்னு தான் கேட்டுக்கறேன்.

இப்ப சட்டத்துக்கு வரேன், கட்டுரையில இத ஒரே வரியில தாண்டிட்டீங்க. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணிடுச்சு. முன்னாடி மாட்டற கனத்த இரும்பு கம்பிய 2017 டிசம்பர்லயே தடை பண்ணிட்டாங்க, அது சரியான முடிவு, நடந்து போற ஆள் மேல இடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. ஆனா ஒரே லைன் பிரேக்க ரெண்டு லைனா மாத்தறது, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைக்கிறது, சீட் பெல்ட் போடறது, இதையும் அந்த கம்பியையும் ஒரே கண்ணால பாத்தா எப்படி? 2021 ஜூலையில விண்டேஜ் வண்டிக்கு தனி பதிவு கொண்டு வந்தாங்க, 50 வருசத்துக்கு மேல ஆகியிருக்கணும், சேஸ், பாடி, இன்ஜின் எதையும் மாத்தியிருக்கக் கூடாது, புதுசா பதியறதுக்கு 20,000 ரூபா. நம்ம ஊர்ல பெட்ரோல் இன்ஜின எறக்கிட்டு டீசல் ஏத்துன ஜீப்பு எத்தனையோ இருக்கு, எண்ணெய் செலவு கட்டுப்படியாகாமத்தான் அப்படி பண்ணாங்க, அதுல ஒண்ணும் இதுக்குள்ள வராது. 1985க்கு அப்பறம் வந்த மஹிந்திரா எம்.எம்.540 ஜீப்புக்கு இன்னும் வயசே ஆகல. அப்போ அந்த வண்டிக்காரன் சாதாரண பதிவையே புதுப்பிக்கணும், அந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு, 20 வருசம் தாண்டுன வண்டிக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. கட்டுறோம், கட்ட மாட்டோம்னு யாரும் சொல்லல. கட்டுற காசுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரங்க வண்டிய லிஃப்ட்ல ஏத்தி சேஸ தட்டிப் பாத்து, பிரேக்க சோதிச்சு, நல்லா இருக்குன்னா நல்லா இருக்குன்னும் இல்லன்னா இல்லன்னும் எழுதிக் குடுக்கட்டும். பாதுகாப்புக்காக பண்ற மாத்தத்த மட்டும் தனியா பிரிச்சு, எந்த பார்ட்ஸ், எந்த தரம், யார் பாத்து கையெழுத்து போடணும்னு ஒரு பட்டியல போக்குவரத்துத் துறை வெளியிடணும், இதத்தான் உங்க பத்திரிகை வழியா கேக்கறேன்.

அடுத்த தடவ ஜீப்ப பத்தி எழுதறப்போ ஒரு பட்டறைக்கு போய் பாடிய எறக்கி வச்ச வெறும் சேஸ ஒரு படம் எடுத்து போடுங்க, எங்க எங்க துரு புடிக்கும்னு அம்புக்குறி போட்டு காட்டுங்க. வண்டி வாங்கப் போறவங்க அந்த பக்கத்த வெட்டி கையில வச்சுக்குவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், போடிநாயக்கனூர்