தமிழவேளும் அப்பாவின் குடியுரிமைத் தாளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா வந்துவிட்டால் எங்கள் வீட்டிலும் ஒரு பேச்சுப் போட்டி வந்துவிடும். இந்த முறை தொடக்கநிலை நான்கில் படிக்கும் பேத்திக்குக் கிடைத்த தலைப்பு, தமிழவேள் கோ. சாரங்கபாணி. கையை ஆட்டி ஆட்டி என் முன்னால் சொல்லிக் காட்டினாள். 1903ல் திருவாரூரில் பிறந்தார், 1935ல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார், 1952ல் தமிழர் திருநாள் கண்டார், 1974ல் மறைந்தார். பிழை ஒன்றும் இல்லை. “சரி, உன் கொள்ளுத்தாத்தாவுக்கு அவர் என்ன செய்தார், தெரியுமா?” என்று கேட்டேன். முழித்தாள். பக்கத்தில் இருந்த என் மகனும் முழித்தான். அவனுக்கு நாற்பத்தாறு வயது.

என் அப்பா செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளமான நேவல் பேஸில் வேலை பார்த்தவர். கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். சாயங்காலமானால் குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் ஒருவர் முரசை உரக்க வாசிக்க, ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். 1957ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. எட்டு வருஷம் இங்கே இருந்தவர்கள் பதிந்துகொள்ளலாம். அப்பா போகவில்லை. பதிந்தால் ஊருக்குத் திரும்ப விடமாட்டார்கள், பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்கக்கூடப் போக முடியாது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அப்படிப் பயந்து ஒதுங்கியவர்கள் அன்று நிறையப் பேர். பதியுங்கள், பதியுங்கள் என்று அவர்களை விடாமல் நச்சரித்தவர் சாரங்கபாணி. படிக்கட்டில் அதையே கேட்டுக் கேட்டு, ஒரு நாள் அப்பா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, அரைநாள் லீவு எடுத்துப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். எனக்கு அப்போது இரண்டு வயது. அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஆனால் 1971ல் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பியதை அம்மா சொல்ல வேண்டியதில்லை, நானே பார்த்தேன். குடியுரிமை எடுக்காத பக்கத்து வீட்டு மாமா, வேலையும் போய், சட்டி பானையைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்கு ரஜூலா கப்பல் ஏறினார். அவர் மகள் என்னோடு ஒரே வகுப்பு. தன் ஜியாமெட்ரி பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நாங்கள் இங்கேயே இருந்தோம்.

இதெல்லாம் பேச்சுப் போட்டியில் வருவதில்லை. பட்டமும் வருஷமும் வருகின்றன. பிறரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அம்மா டிரங்குப் பெட்டியில் கட்டி வைத்திருந்த பழைய முரசுகளை, ஈசூனுக்கு வீடு மாறியபோது பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரரிடம் எடைக்குப் போட்டவள் நான்தான். வீராசாமி ரோட்டில் இருபது வருஷமாக நடக்கிறேன். அந்த வீராசாமி ஒரு டாக்டர் என்பதே போன வருஷம்தான் தெரிந்தது!

நல்லவேளை, தேசிய நூலகத்தின் இணையத்தில் பழைய முரசு இதழ்கள் இருக்கின்றன. பேத்தியும் நானும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் துழாவிக்கொண்டிருக்கிறோம். எழுத்து மங்கல்தான், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

விழா நடத்துபவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். அடுத்த ஏப்ரலில், ‘எங்கள் வீட்டில் முதலில் குடியுரிமை எடுத்தவர்’ என்று ஒரு தலைப்புக் கொடுங்கள். பிள்ளைகள் வீட்டில் கேட்டுத்தான் ஆகவேண்டும். சாரங்கபாணி பெயர் எத்தனை வீட்டில் வருகிறது என்று பார்க்கலாம்.

அப்புறம், போட்டி. பேத்தி கடைசி நிமிடத்தில் கொள்ளுத்தாத்தா கதையைச் சேர்த்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டை வரைக்கும் வந்தாள், மணி அடித்துவிட்டார்கள். பரிசு இல்லை. வீட்டுக்கு வந்ததும் பழுப்பேறிய அந்தக் குடியுரிமைத் தாளை எடுக்கச் சொல்லி, அப்பாவின் கோணல் கையெழுத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி